ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்த எண்

ஜூன் 1, ஞாயிறு

இந்த நோட்டைப் பார்க்கிறவர்கள் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட நோட்டுதான். ஆனாலும் எழுத்து கோட்டில் நிற்காமல் ஏறுகிறது, இறங்குகிறது. ஒரு 'க' பெரிதாகவும் அடுத்த 'க' சிறிதாகவும் வருகிறது. இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. மண்வெட்டி பிடித்த பிடியை விரல் இன்னும் விடவில்லை என்று வளர்மதி டீச்சர் சொன்னார். எனக்கு எழுபத்தொரு வயது. எழுத்துப் படிக்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது.

என் பெயர் நஞ்சப்பன். இந்தப் பெயருக்குள் ஒரு 'ஞ்' இருக்கிறது. இத்தனை வருடம் என்னோடு இருந்த எழுத்தைப் போன மார்கழியில்தான் முதல் முதலாகக் கண்ணால் பார்த்தேன். அதைப் போட்டு முடிக்க மூன்று மூச்சு வேண்டும். மூன்றாவது மூச்சில் அது முடியும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

சத்துணவுக் கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. டீச்சர்தான் இந்த நோட்டைக் கொடுத்தார். "வாரத்துல ஒரு நாள் எழுதுங்க. நடந்ததை எழுதுங்க, ஜோடிக்காதீங்க" என்றார்.

நடந்தது இது. நான் எங்கள் ஓலைக்கரையில் கம்பெனிப் பால் சென்டரில் வேலை செய்கிறேன். பால் ஊற்ற வருகிறவர்களின் தூக்குப் போசியிலிருந்து ஒரு சின்னக் கப்பில் மொண்டு மெஷினின் குழாய்க்கு அடியில் வைப்பது, கப்பைக் கழுவுவது, கடைசியில் மெஷினுக்கு வெறும் தண்ணீர் காட்டி அலசுவது, எல்லாம் என் வேலை. மெஷின் பாலை உறிஞ்சி டிகிரி சொல்லும். இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்றால் நல்ல பால். இருபத்தாறுக்குக் கீழே போனால் தண்ணீர்.

இந்த வாரம் கம்பெனி ஒரு போன் கொடுத்திருக்கிறது. மெஷினிலிருந்து போனுக்கு ஒரு ஒயர். ஒயர் ஒரு சாண் போதவில்லை, சொருகுகிற ஓட்டையும் மெஷினின் முதுகில் இருக்கிறது. அதனால் மெஷினைத் திருப்பி, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துவிட்டார்கள். இனி அதன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கிளார்க் சுதாகர் போனில் ஒரு பேரைத் தொட்டால், பேருக்குப் பக்கத்தில் எண் வந்து உட்காருகிறது. உடனே வருகிறது.

"பெரியப்பா, எனக்குத் தொடறதுக்கே நேரஞ் செரியா இருக்குதுங்க. பேரையும் நம்பரையும் நீங்க சத்தமாப் படிச்சுட்டீங்கன்னா வரிசைல நிக்கறவங்களுக்கும் கேக்கும்" என்று சுதாகர் சொன்னான். கேலி செய்கிறான் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னான்.

இன்று பதினேழு பேரைப் படித்தேன். எழுத ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கை வலிக்கிறது. நல்ல வலி.

ஜூன் 8, ஞாயிறு

வாரம் முழுவதும் படித்தேன். பேருந்துப் பலகை, மாத்திரை அட்டை, விதைப் பொட்டலம், சுதாகரின் பனியன் எல்லாவற்றையும் படிக்கிறேன். மருமகள் சரசு, "மாமா, சோத்தத் தின்னுட்டுப் படிங்க, உப்புப் பாக்கெட்டு எங்கயும் ஓடாதுங்க" என்கிறாள்.

எங்கள் சென்டரில் வரிசைக்குச் சண்டை வராது. வாய்க்கால் முறைப்படி நிற்போம். வாய்க்கால் தலையில் தோட்டம் உள்ளவர் முதலில், கடைமடைக்காரர் கடைசியில். தண்ணீருக்கு என்ன முறையோ பாலுக்கும் அதே முறை. என் அப்பன் காலத்திலிருந்து மாறாத முறை. பதினோராவது சென்னியப்பன். சென்டருக்குத் தலைவர் அவர்தான், எட்டு மாடு வைத்திருக்கிறார். பன்னிரண்டாவது பாவாயி. புருஷன் இல்லை, ஒரு மாடு. பதின்மூன்றாவது எங்கள் வீடு. எங்களுக்கும் ஒரு மாடு. நான் கறப்பேன், சரசு கொண்டுவந்து ஊற்றுவாள்.

காலையில் முதல் ஆளுக்கு மட்டும் போனில் சைபர் வரும். "மெஷினு இப்பத்தான் கண்ணு முழிக்குது" என்று சுதாகர் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொடுவான். அப்புறம் சரியாக வரும். மற்றவர்களுக்கு ஒரே தொடலில் வந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை காலை, "பாவாயி, இருபது" என்று படித்தேன். பா, வா, யி. கால் வைத்த எழுத்து இரண்டு, கொம்பு இல்லை, திக்க இடமே இல்லாத பேர். கணீரென்று வந்தது. அதற்கு மேலும் ஒரு வார்த்தை சொன்னேன். வரிசை முழுவதும் சிரித்தது. சென்னியப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். எழுத்துத் தெரிந்த ஆள் பேசினால் நாலு பேர் கேட்கிறார்கள்.

ஜூன் 11, புதன்

இன்று 'ர', 'ற' வித்தியாசம் பிடிபட்டது. வேறு ஒன்றும் இல்லை. பாவாயி 21.

ஜூன் 15, ஞாயிறு

பாவாயிக்கு எல்லா நாளும் இருபது, இருபத்தொன்று. புதன்கிழமை அவள் சுதாகரிடம், "தம்பி, நானு ஒரு சொட்டு ஊத்தலீங்க. நல்லாப் பாருங்க" என்றாள். "போனுக்கு ஆரு மேலயும் பகையில்லீங்க அக்கா, வந்ததக் காட்டுது" என்றான் சுதாகர். அவன் சொன்னதும் சரிதானே. எழுதியிருப்பதைத்தான் நானும் படிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவள் மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சென்டர் வாசலில், தன் முறை வந்தபோது, "உங்க அத்தன பேரு கண்ணு முன்னாடியுங் கறக்கறனுங்க" என்று உட்கார்ந்து கறந்தாள். மாடு புது இடத்தில் மிரண்டது, பாதிப் பால்தான் விட்டது. நான்தான் கப்பில் மொண்டேன். கப்பு சூடாக இருந்தது. சுதாகர் பேரைத் தொட்டான்.

இருபது.

அவள் என்னைப் பார்த்தாள். "மறுக்காப் படிங்கண்ணா" என்றாள். மறுபடியும் படித்தேன். அதேதான் இருந்தது.

பின்னாலிருந்து ஒருவர், "போசிக்குள்ள மொதல்லயே தண்ணி இருந்திருக்கும்" என்றார். சென்னியப்பன் என்னைக் கேட்டார். "நஞ்சப்பண்ணா, நீங்கதான கிட்ட இருந்தீங்க. போசி எப்படி இருந்துச்சு?"

"அலசுன ஈரம் இருந்துச்சு" என்றேன். எல்லாப் போசியிலும் இருக்கும். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

அவள் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள், "கெணத்து மாடு, கெணத்து மாடு" என்று பின்னால் போனார்கள். பிள்ளைகளுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ.

ஜூன் 22, ஞாயிறு

இன்று என் வாழ்க்கையில் பெரிய நாள். தாளில் கையெழுத்துப் போட்டேன். ரேகை இல்லை, கையெழுத்து.

சென்டரில் கூட்டம் நடந்தது. பாவாயியின் பாலை இனி எடுப்பதில்லை என்று முடிவு. சுதாகர் ஒரு தாளில் எழுதினான். வேகமாக, எழுத்தோடு எழுத்தை ஒட்டி எழுதுகிறான். அச்சு எழுத்து என்றால் நான் படிப்பேன், அந்த ஓட்டக் கையெழுத்து எனக்கு இன்னும் வரவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னிடம் வந்தபோது சுதாகர் பழக்கத்தில் மைப்பெட்டியை நீட்டினான். "பேனாவக் குடுப்பா" என்றேன். சென்னியப்பன் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். 'ஞ்' கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் நஞ்சப்பன் என்று யார் படித்தாலும் தெரியும்.

வீட்டுக்கு வந்து சரசுவிடம் சொன்னேன். "என்னன்னு எழுதியிருந்துச்சுங் மாமா?" என்று கேட்டாள். இந்தப் பிள்ளைக்கு எப்போதும் ஏதாவது ஒரு கேள்வி.

ஜூன் 29, ஞாயிறு

பாவாயி வருவதில்லை. சென்னியப்பனுக்கு அடுத்து இப்போது எங்கள் வீடு.

திங்கட்கிழமை, சரசு, 20.

செவ்வாய், சரசு, 21.

புதன்கிழமை நான் மெதுவாகப் படித்தேன். பின்னால் நின்றவர், "சத்தமாப் படிங்க பெருசு, அன்னிக்கெல்லாம் ஊரே கேக்கப் படிச்சீங்க" என்றார்.

சரசு வீட்டுக்கு வந்து போசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். "நானு தண்ணி கலக்கற ஆளுங்களா மாமா? நீங்கதான கறந்தீங்க. நீங்க சொல்லுங்க."

நான்தான் கறந்தேன். எனக்குத் தெரியாதா.

ஜூலை 1, செவ்வாய்

எப்படியோ எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மெஷினைத் துடைக்கிறது போலப் போய், சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் தலையை விட்டுப் பார்த்தேன்.

"என்னங் பெரியப்பா, பல்லியாட்டம் செவுத்துல ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க" என்றான் சுதாகர். "கறை இருக்குதப்பா" என்றேன்.

மெஷினின் முகத்தில் எண் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு கப்பு வைத்தால் நாற்பது வரை எண்ணுகிற நேரம் கழித்து எண் வருகிறது. போனில் அந்தப் பேருக்கு எண் அதற்கு முன்பே வந்துவிட்டது. கொதிக்காத உலையில் சோறு வெந்தது போல இருந்தது எனக்கு. மெஷின் சொன்னதை ஒரு பக்கமும் போன் சொன்னதை ஒரு பக்கமும் உள்ளங்கையில் குறித்துக்கொண்டு வந்தேன். இங்கே பார்த்து எழுதுகிறேன்.

ஒன்பதாவது ஆள்: மெஷினில் 28, போனில் 27.
பத்தாவது ஆள்: மெஷினில் 29, போனில் 28.
பதினோராவது: மெஷினில் 20, போனில் 29.
சரசு: மெஷினில் 28, போனில் 20.
அடுத்தவர்: மெஷினில் 27, போனில் 28.

மூன்று தடவை பார்த்துவிட்டேன். எல்லா எண்ணும் ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. முதல் ஆளுக்கு ஏன் சைபர் என்றும் இப்போது தெரிகிறது. அது முந்தின வேளை நான் அலசிய தண்ணீர்.

மேலே பதினோராவது ஆளின் பேரை எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை.

ஜூலை 3, வியாழன்

போனின் முதுகில் ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. சரசுவின் போனிலிருந்து கூப்பிட்டேன். கோயம்புத்தூரில் ஜெசிந்தா என்று ஒரு பெண் பேசினாள். போனுக்குள் இருக்கிற அந்த ஆப்பை எழுதியவள் அவள்தானாம். எழுதுகிறவள் என்றதும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. நான் எல்லா எண்ணையும் படித்துக் காட்டினேன்.

"ஐயா, போன் கேட்ட உடனே மெஷின் பதில் சொல்லாது. பாலை உறிஞ்சி, சூடாக்கி, பார்த்து, நாப்பது செகண்ட் கழிச்சுத்தான் சொல்லும். அது எப்ப சொல்லுதோ, அதுவரைக்கும் காத்திருந்து வாங்கி, கேட்ட ஆள் பேர்ல போடணும். எங்க ஆப் காத்திருக்கலை. பேரைத் தொட்டதும், ஒயர் வழியா கடைசியா வந்து கிடக்கிற பதில் எதுவோ அதை எடுத்து ஒட்டிடுது."

"அப்ப அது முன்னாடி ஆளோட பதிலம்மா."

"ஆமாங்கய்யா."

"தெரிஞ்சேதான் உட்டீங்களா?"

"முதல்ல காத்திருக்கிற மாதிரிதான் எழுதினேன். வரிசையில ஆள் நிக்குது, ஒவ்வொருத்தருக்கும் நாப்பது செகண்ட் சுத்திக்கிட்டு நின்னா யார் வாங்குவாங்கன்னு மேலே சொன்னாங்க. எடுத்துட்டேன். நாங்க சோதிச்சப்போ ஒரே பாலை வச்சுத் திரும்பத் திரும்பச் சோதிச்சோம். அதுல வித்தியாசம் தெரியலை."

இதற்கு ஒரு பேர் சொன்னாள். நான் திரும்பக் கேட்டேன், திரும்பவும் சொன்னாள். கேட்கிற நேரம் ஒன்று, பதில் வருகிற நேரம் ஒன்று என்று இருந்தால் அதற்கு அந்தப் பேராம். அசிங்கம் என்பது போல என் காதில் விழுந்தது. இங்கிலீஷிலும் அசிங்கம்தான் போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டேன்.

திருத்தத்தை அவளே அனுப்பிவிடுவாள். ஆனால் பழைய எண்களை மாற்ற வேண்டும் என்றால், யார் மேலாவது தப்பாகக் குற்றம் விழுந்திருந்தால், சென்டர் தலைவர் கையெழுத்தோடு கடிதம் வர வேண்டுமாம்.

ஜூலை 6, ஞாயிறு

நான்கு நாள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். என் முதல் கடிதம். மெஷின் சொன்னது ஒரு பக்கம், போன் சொன்னது ஒரு பக்கம், நடுவில் கோடு. காரணமும் எழுதினேன். இன்று கூட்டத்தில் கொடுத்தேன். சுதாகர் எழுந்து நின்று படித்தான்.

"போனும் மெஷினும் ஒயர் வழியாக அசிங்கமாகப் பேசிக்கொள்கின்றன. அதனால்தான் இவ்வளவும் நடந்தது என்று கம்பெனி அம்மாவே சொன்னார்."

கூடம் ஆடிப்போனது. ஒருவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்பிடி என்னதாம்பா பேசிக்குதுக, எங்களுக்குஞ் சொல்லு" என்றார். சுதாகர் மேலே படிக்க முடியாமல் நின்றான். பிறகு என் காதோரம் வந்து, "அது அசிங்க்ரனஸ் பெரியப்பா. அசிங்கம் இல்லீங்க" என்றான்.

சிரிக்காத ஆள் ஒருவர்தான். சென்னியப்பன் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பதினோராவது ஆள் என்ற வரியில் அவர் கண் நின்றதை நான் பார்த்தேன். தன் முறை எதுவென்று அவருக்குத் தெரியாதா. பேர் போடாமல் விட்டது மரியாதை என்று நான் நினைத்திருந்தேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நஞ்சப்பண்ணா எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதே பெருசு. இன்னும் ரண்டு வருசம் போவட்டும், கடுதாசி எழுதலாம்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

கையெழுத்துப் போடவில்லை.

ஜூலை 9, புதன்

போன் தானாகவே திருந்திவிட்டது. ஜெசிந்தா அனுப்பியிருக்கிறாள். இப்போது பேரைத் தொட்டால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாற்பது எண்ணிய பிறகு எண் வருகிறது. வரிசையில் முணுமுணுக்கிறார்கள். நான் மறுபடியும் சுவர்ப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மெஷினில் உள்ளதுதான் போனிலும் இருக்கிறது.

சரசு, 28. நன்றாகச் சத்தமாகப் படித்தேன்.

சென்னியப்பன், 28. திங்கட்கிழமையிலிருந்தே அவர் பால் கெட்டியாகத்தான் வருகிறது. கப்பில் மொள்ளும்போதே தெரிகிறது, நுரை நிற்கிறது.

பதினேழு பேரில் பாவாயி போக மீதி பதினாறு பேருக்கும் நல்ல பால். சென்னியப்பன் வரிசையைப் பார்த்துத் திரும்பி, "பாத்தீங்களா. அந்தம்மாவ நிறுத்துனதுக்கப்பறம் ஒருத்தர் பேருலயும் தண்ணி இல்ல. ஒரு ஆளு போனா ஊரே சுத்தமாயிருது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்று நினைக்கிறேன். சரசு பேர் சுத்தமாகிவிட்டதே, அந்த நிம்மதியில் இருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

வளர்மதி டீச்சர் இந்த வாரம் ஓட்டக் கையெழுத்துப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். சென்டரில் சுவர் ஆணியில் குத்தி வைத்திருக்கிற தாள்களை எடுத்துப் பழகினேன். அதில் ஜூன் 22 தாளும் இருந்தது. படிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மற்றவர்களின் கையெழுத்துக்கெல்லாம் கீழே தனியாக ஒரு வரி இருந்தது.

"பாவாயி என்பவரின் போசியில் தண்ணீர் இருந்ததை நேரில் கண்டேன்."

இதற்கு நேர் கீழே நஞ்சப்பன்.

ஈரம் என்றுதான் சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

பாவாயி ஆள் அனுப்பியிருந்தாள். கம்பெனி ஆபீஸுக்கு ஒரு கடுதாசி எழுத வேண்டும், எழுத்துத் தெரிந்தவர்கள் யாரும் வரமாட்டேன் என்கிறார்கள், நஞ்சப்பண்ணன் வருவாரா என்று கேட்டிருந்தாள். தலைவருக்குப் பயந்து யாரும் போகவில்லை. சரசு பேனாவையும் நாலு தாளையும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

பாவாயி மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். மோர் கொடுத்தாள். பால் இப்போது பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்குப் போகிறதாம், ஒரு வேளை மட்டும்.

"அங்கயாவது ஒழுங்கா வாங்கறாங்களா?" என்று கேட்டேன்.

"வாங்கறாருங்க. தண்ணிய அவரே ஊத்திக்கறாரு" என்றாள். சிரிக்கவில்லை. சாயங்காலப் பாலை வாங்க ஆள் இல்லை. மாட்டு வியாபாரி இரண்டு தடவை வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அடுத்த வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வருவானாம். அதற்குள் கம்பெனி ஆபீஸிலிருந்து ஏதாவது வந்தால் மாடு இங்கே இருக்கும். வராவிட்டால் இருக்காது.

நான் மெஷின் விஷயத்தைச் சொன்னேன். எண் ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்ததைச் சொன்னேன். அவள் கையில் இருந்த தீவனத்தோடு அப்படியே நின்றாள்.

"அப்ப அன்னிக்கு இங்கிருந்து ஓட்டிட்டுப் போயிக் கறந்தனே. அந்த இருவது?"

"அது உங்களுதில்லைம்மா."

"ஆருது?"

நான் சொன்னேன். இந்த நோட்டில்கூட எழுதாததை வாயால் சொன்னேன். அவள் சென்னியப்பன் தோட்டத்து வேலியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எழுதுங்க. மூணு பேரு மேல பிராது. மொதல்ல அந்தப் போனு."

ஒயரும் மெஷினும் போனும் எப்படிப் பேசின என்று எழுதினேன். இந்தத் தடவை அசிங்க்ரனஸ் என்று சரியாக எழுதினேன். ஐந்து வரி. நோட்டைப் பார்த்து எண்களையும் கோடு போட்டு எழுதினேன்.

"ரண்டாவது பதினோராவது ஆளு."

பேனா நின்றது. "ஏனுங்ண்ணா, அந்த எழுத்து இன்னும் பழகலீங்களா?" என்றாள். 'செ' எழுதினேன். பிறகு மீதியையும் எழுதினேன். அவர் பாலுக்கு இருபது என்று மெஷின் சொன்னதையும், நான் கொடுத்த தாளை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதையும் எழுதினேன்.

"மூணாவது நஞ்சப்பன்னு எழுதுங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் வேறு எங்கும் பார்க்கவில்லை.

"ஏம்மிணி, உன்ற மாடு கெணத்துக்குள்ளயா மேயுது? அப்படின்னு கேட்டீங்கல்ல. அத எழுதுங்க. இப்ப என்ற மாட்டுக்கும் எனக்கும் ஊருல ஒரே பேருதான். எங்கண்ணங் காரியத்துக்குப் போனா அங்கயும் ஒருத்தரு கெணத்து மாடுன்னு கூப்புடறாரு. போனு இருவதுதான் சொல்லுச்சு. கெணத்த நீங்கதான் வெட்டுனீங்க."

ஜூன் 8 அன்று நான் எழுதாமல் விட்ட ஒரு வார்த்தை அதுதான்.

எழுதினேன். "ஈரம் வேற, தண்ணி வேற. அத நீங்கதாஞ் சொல்லியிருக்கோணும். அதையும் எழுதுங்க" என்றாள். படிக்கத் தெரியாத தாளில் பெருமைக்குக் கையெழுத்துப் போட்டேன் என்பதை அவள் சொல்லாமல் நானே சேர்த்தேன்.

பிறகு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். "மெஷின் கோளாறக் கண்டுபிடிச்சது நாந்தான்னு ஒரு வரி போட்டுக்கட்டுங்களா அம்மிணி?"

"தாராளமாப் போடுங்க. மருமக பேரு வந்ததுக்கப்பறந்தாங் கண்டுபுடிச்சேன்னு சேத்துப் போடுங்க."

அதையும் போட்டேன். இரண்டு தாள் நிறைந்தது. அவள் மைப்பெட்டி வாங்கி வைத்திருந்தாள். பெருவிரலை அழுத்தி வைத்தாள். அவள் ரேகை தெளிவாக, ஒரு கோடுகூடக் கலையாமல் விழுந்தது. எழுதியவர் நஞ்சப்பன் என்று நான் அதன் கீழே எழுதினேன். ஒரே கடுதாசியில் என் பேர் இரண்டு இடத்தில் இருக்கிறது.

மடிக்கப் போனேன். "இருங்க" என்றாள். "படிச்சுக் காட்டுங்க."

படிக்க ஆரம்பித்தேன்.

"அப்படி இல்லீங்க. எந்திரிச்சு நின்னு படிங்க. சென்டருல படிச்சீங்களே, அந்தச் சத்தத்துல."

எழுந்து நின்றேன். அடுத்த வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வாய்க்கால் மேட்டில் போனவர்கள் நின்றார்கள். தலைவரின் தோட்டத்தில் வேலை செய்த ஆட்களும் வேலியோரம் வந்தார்கள். முதல் வரியிலிருந்து படித்தேன். சென்னியப்பன் பேரை அவர் ஆட்கள் முன்னால் படித்தேன். என் பேர் வந்த இடத்தில் 'ஞ்' எழுத்தில் நாக்கு நின்றுவிட்டது. அவள் காத்திருந்தாள். மறுபடியும் எடுத்துப் படித்தேன். கிணற்று வரி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

தபால் பெட்டியில் நானே போட்டுவிட்டு வந்தேன். வரும் வழியில் சுதாகர் எதிரே வந்தான். வண்டியை நிறுத்தாமல், "நாளைக்கிருந்து நீங்க வரவேண்டாம்னு தலைவரு சொல்லச் சொன்னாருங்க பெரியப்பா" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான்.

இந்தப் பக்கத்தில் எழுத்து முன்னைவிட நேராக வந்திருக்கிறது. அதைப் பார்க்கவும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இப்படி ஒரு நாளில் அந்தச் சந்தோஷம் எதற்கு என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சந்தை. அடுத்த ஞாயிறு உட்கார்ந்து, மாடு எங்கே நிற்கிறதோ அதை எழுதுகிறேன்.